சங்கம் பதியும் முன்: வரைபடத் தன்னார்வலர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் வீட்டுக்கு ஐந்து பிள்ளைகள் வந்தார்கள். வார இறுதிகளில் மோட்டார் சைக்கிளில் தோட்டம் தோட்டமாகப் போய், தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களையும் கோயில்களையும் செம்பனைக்கு நடுவே ஓடும் மண்சாலைகளையும் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில், அதாவது யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணைய வரைபடத்தில், ஏற்றுகிறவர்கள். இவர்களைப் போன்றவர்கள் பெர்லிஸ் முதல் சபா வரை இருக்கிறார்கள். எல்லாரையும் சேர்த்து வைத்திருப்பது ஒரு டெலிகிராம் குழுதான்.

"அண்ணே, இனி தேசிய அளவுல சங்கமாப் பதிஞ்சிடலாம்னு இருக்கோம்" என்று தங்கச்சி ஒருத்தி சட்டவிதி வரைவை நீட்டினாள். நான்காம் பக்கம் வந்ததும் வயிற்றைப் பிசைந்தது. பல ஆண்டுகளுக்கு முன் இதேபோல் வரைபடச் சங்கம் தொடங்கிய நாங்கள் சறுக்கிய அதே இடம்.

கூகுள் மேப்பைப் பார்த்து நகலெடுக்காதீர்கள், ரசீது இல்லாமல் செலவு செய்யாதீர்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

இரவல் சட்டவிதி

1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின்படி ஏழு பேர் இருந்தால் சங்கம் அமைக்க விண்ணப்பிக்கலாம். ஏழு பேர் எளிதாகக் கிடைத்துவிடுவதால் சட்டவிதியை யாரும் உட்கார்ந்து எழுதுவதில்லை. தெரிந்த சங்கத்தின் கோப்பை வாங்கி, பெயரை மட்டும் மாற்றுகிறார்கள்.

நாங்கள் வாங்கியது ஒரு கோயில் நிர்வாகத்தின் சட்டவிதி. அந்தக் கோயிலுக்கு அது சரியான விதிதான். உறுப்பினர்கள் எல்லாரும் ஒரே தோட்டம். பொதுக்கூட்டம் என்றால் பூசை முடிந்ததும் அப்படியே உட்கார்ந்துவிடுவார்கள். "வாக்குரிமை உள்ள உறுப்பினரில் பாதிப்பேர் நேரில் வந்தால்தான் கோரம்" என்று அதில் இருந்தது. கோரம் என்றால் கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச வருகை. நாங்கள் அதைப் படித்தோம். கையெழுத்தும் போட்டோம்.

முதல் ஆண்டிலேயே 112 பேர் சேர்ந்தார்கள். பாதி என்றால் 56. ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு வந்தவர்கள் 19 பேர். கோத்தா கினபாலுவில் இருக்கும் பிள்ளை இதற்காக விமானம் ஏறுவானா? ஜொகூரிலிருந்து ஒருவர் மட்டும் இரவெல்லாம் காரோட்டி வந்திருந்தார். அரை மணி நேரம் காத்திருந்தோம். அப்புறம் மண்டபத்தைப் பூட்டிச் சாவியைக் கொடுத்தோம். அந்த ஜொகூர்க்காரரின் முகத்தை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

மறுகூட்டத்தில் 14 பேர். கோரம் இல்லாவிட்டாலும் மறுகூட்டம் நடக்கலாம். ஆனால் சட்டவிதியைத் திருத்தும் அதிகாரம் அதற்குக் கிடையாது என்பதும் விதியிலேயே இருந்தது. கோரம் விதியை மாற்ற வேண்டுமானால் முதலில் அந்தக் கோரம் வேண்டும். அடுத்த ஆண்டும் இதே கதை. கணக்கறிக்கை தாமதமாக நிறைவேறியது, புதிய பொருளாளரின் கையெழுத்து வங்கியில் ஏறவும் தாமதமானது. ட்ரோன் வாங்கித் தருவதாகச் சொன்ன ஒரு நன்கொடையாளர் மூன்று மாதம் காத்திருந்துவிட்டு வேறு இடத்துக்குக் கொடுத்துவிட்டார். அந்த ட்ரோன் இருந்திருந்தால், வீடமைப்புக்காக இடிக்கப்பட்ட ஒரு டிவிஷனின் (தோட்டப் பிரிவின்) லயங்களை இடிப்பதற்கு முன்பே படமெடுத்திருப்போம். அந்த இடத்தில் இப்போது தாமான், அதாவது புதிய குடியிருப்பு, இருக்கிறது. அங்கே எங்கே தொழிலாளர்கள் காலையில் பெயர் கொடுக்கக் கூடும் பிரட்டுக்களம் இருந்தது, எங்கே பிள்ளைக்காப்பகம் இருந்தது என்று காட்ட எங்களிடம் எதுவும் இல்லை.

எரிச்சல் எதில் என்றால், ஒரே ஒரு தொடர் போதுமாக இருந்தது: "பாதிப்பேர், அல்லது செயலவையினரின் எண்ணிக்கையைப் போல் இருமடங்கு, இவற்றில் எது குறைவோ அது." பல சங்கங்களின் சட்டவிதியில் இருக்கும் தொடர்தான். எங்கள் செயலவையில் ஒன்பது பேர். இருமடங்கு 18. வந்தவர்கள் 19! அந்தத் தொடர் இருந்திருந்தால் முதல் கூட்டமே செல்லுபடியாகியிருக்கும்.

மூன்றாம் ஆண்டு பழைய செயலாளர் ஒருவர் வழி சொன்னார். சந்தா பாக்கி வைத்தவர்களுக்கு வாக்குரிமை இல்லை என்ற விதியும் அதே கோப்பில் இருந்தது. எல்லாருக்கும் நினைவூட்டல் அனுப்பி, தவணை கொடுத்து, பட்டியலைச் சரிபார்த்தால் சந்தா கட்டியவர்கள் 41 பேர். கோரம் 21, வந்தவர்கள் 23. அன்று திருத்தம் நிறைவேறியது. பொதுக்கூட்டம் நிறைவேற்றினாலும் சங்கப் பதிவிலாகா ஒப்புதல் தரும்வரை பழைய விதிதான் நடப்பில் இருக்கும், இதையும் மறக்காதீர்கள்.

தேசிய அளவில் சிதறிக் கிடப்பவர்களை ஒன்று சேர்ப்பது நமக்குப் புதிதல்ல. தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில் தோட்டத் தொழிலாளர்களைத் திரட்டி 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிய, அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் எங்கள் சுங்கை சிப்புட்காரர். பெரிய கூட்டுறவுச் சங்கங்களில் வட்டாரத்துக்கு வட்டாரம் பேராளர்களைத் தேர்ந்தெடுத்து அனுப்பும் முறை உண்டு. எல்லாரும் ஒரே மண்டபத்துக்கு வர வேண்டியதில்லை. அதே முறையோ, இணையவழிக் கூட்டமோ, எதுவானாலும் விண்ணப்பிக்கும் முன்பே விதியில் எழுதுங்கள்.

வரைபடம் சங்கத்தின் சொத்து என்று நினைப்பது

ஓபன்ஸ்ட்ரீட்மேப் 2004இல் தொடங்கியது. அதைத் தாங்கி நிற்கும் அறக்கட்டளை 2006இல் இங்கிலாந்தில் அமைந்தது. அந்த அறக்கட்டளையே எந்தத் தெருவுக்கு என்ன பெயர் என்று உத்தரவு போடுவதில்லை. அப்படியிருக்க நம் செயலவை போடலாமா?

நாங்கள் போட்டோம். தோட்டங்களின் முதன்மைப் பெயரைத் தமிழில் மாற்ற வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றினோம். அது அன்பினால் செய்த காரியம். ஆனால் முதன்மைப் பெயர் அந்த இடத்துப் பலகையிலும் வழக்கிலும் இருப்பதாக இருக்க வேண்டும். தமிழ்ப் பெயரைக் குறிக்கத் தனி டேக் (தகவல் குறிச்சொல்) இருக்கிறது, பழைய பெயருக்கும் இருக்கிறது. பத்தாங் பெர்ஜுந்தை என்ற ஊர் 2007இல் பெஸ்தாரி ஜெயா ஆனது. இரண்டு பெயரும் அதனதன் இடத்தில் நிற்க வரைபடத்தில் வழியுண்டு. எங்கள் மாற்றங்களை மற்றவர்கள் திருப்பிப்போட, நாங்கள் மறுபடி மாற்ற, ஆறு வாரம் மனக்கசப்புதான் மிச்சம்.

எங்கள் வட்டாரத்தில் வரைபடத்தில் மிக அதிகமாகப் பதிந்தவர் ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர் ஒருவர். கடைசிவரை அவர் உறுப்பினர் ஆகவில்லை. ஆக வேண்டிய அவசியமும் இல்லை. பயிற்சி நடத்துவது, நிதி தேடுவது, அரசு அலுவலகத்தில் பேசுவது, இவைதான் சங்கத்தின் வேலை. அவர் எதைப் பதிய வேண்டும் என்று சொல்வதல்ல.

பெயர்

ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்பது அறக்கட்டளையின் வணிகச்சின்னம். அதைச் சங்கத்தின் பெயரில் சேர்ப்பதானால் முதலில் அவர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், பிறகு பதிவிலாகாவுக்குப் போங்கள். நாட்டுக் கிளையாக ஏற்கப்பட விரும்பினால் அதற்கும் தனி ஒப்பந்தம் உண்டு.

கம்பெனி

சங்கத்துக்குப் பதிலாகப் பதிய, 2016ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தில் பங்குகள் இல்லாத, உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட நிறுவனம் என்ற வடிவம் இருக்கிறது. நிறுவனச் செயலாளருக்கும் தணிக்கையாளருக்கும் ஆண்டுதோறும் பணம் கட்ட நிலையான வருமானம் வரும்வரை அந்தப் பக்கம் போக வேண்டாம்.

வங்கிக் கணக்கு

தனியாள் பெயரில் ஒரு வெள்ளிகூட வேண்டாம்.

வரிவிலக்கு

நன்கொடைக்கான வரிவிலக்கு, சங்கத்தைப் பதிவு செய்தால் தானாக வராது. வருமான வரி வாரியத்திடம் வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவின் கீழ் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். கிடைக்கும் முன்பே நன்கொடையாளரிடம் வாக்குக் கொடுக்காதீர்கள்.

அந்த நான்காம் பக்கம்

பிள்ளைகள் வரைவை என்னிடம் விட்டுப் போயிருக்கிறார்கள். கோரம் விதியை அடித்துவிட்டு, பக்கத்திலேயே புதிதாக எழுதி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு தோட்டத்தின் மூன்றாம் டிவிஷனைப் பதிந்துவிட்டு மதியம் சாப்பாட்டுக்கு வருகிறார்கள். சாப்பிட்டதும் முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு வரியாக உரக்கப் படிக்கப்போகிறோம்.