மெகாவாட் கன்வெர்ட்டர் ஆராய்ச்சி: எஃபிஷியன்சி கிராஃபில் தெரியாத தவறுகள்

பவர் எலக்ட்ரானிக்ஸ் ஆராய்ச்சிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் எடுத்து நீட்டுவது எஃபிஷியன்சி கிராஃபைத்தான். 98 சதவீதம், 99 சதவீதம் என்று கோடு அழகாக மேலே நிற்கும். ஆனால் ரயில் இன்ஜினிலோ ஸ்டீல் ரோலிங் மில்லிலோ உட்கார்ந்து மின்சாரத்தை வேண்டிய வடிவுக்கு மாற்றப் போகிற கன்வெர்ட்டரிடம் கேட்கப்படுவது வேறு: எத்தனை வருடம் தாங்கும், தன் பக்கத்தில் இருப்பவற்றை என்ன பாடுபடுத்தும்?

அடிக்கடி கண்ணில் படும் தவறு, முழு லோடில் ஐஜிபிடியின் (கரன்ட்டை வேகமாகப் போட்டு அணைக்கும் ஸ்விட்ச் சிப்) வெப்பத்தைக் கணக்கிட்டு, "ஐஜிபிடி ஜங்ஷன் (சிப்பின் உள்பகுதி) 125 டிகிரியைத் தாண்டவில்லை, சரி" என்று முடித்துவிடுவது. சென்னை கடற்கரை–தாம்பரம் மின்சார ரயிலை எடுத்துக்கொள்ளுங்கள். கிளம்பும்போது சிப் சூடாகிறது. பிரேக் போட்டு மின்சாரத்தை லைனுக்குத் திருப்பும்போது மறுபடி சூடாகிறது. ஸ்டேஷனில் நிற்கையில் ஆறுகிறது. சில நிமிடங்களுக்கு ஒரு முறை, வருடக்கணக்கில் இதேதான். சிலிக்கானைவிட அலுமினியம் பல மடங்கு அதிகமாக விரியும். அதனால் சிப் மேல் பற்றவைத்த அலுமினியக் கம்பியின் அடியில் விரிசல் கொஞ்சம் கொஞ்சமாக ஓடி, ஒருநாள் கம்பி பெயர்ந்துவிடும். 1990களில் சுவிட்சர்லாந்தில் நடந்த லெசிட் சோதனைகள் காட்டியபடி, சூட்டின் ஏற்ற இறக்கம் இரண்டு மடங்கானால் ஆயுள் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்காகச் சுருங்கும். உச்ச வெப்பநிலை மட்டும் பார்த்தவருக்கு இது தெரியவே தெரியாது. ரயில் ஓடும் பாதையின் வேகம், நிறுத்தங்கள், ஏற்றங்கள் எல்லாம் கையில் கிடைத்த பிறகுதான் ஹீட் சிங்க் (சிப்பின் சூட்டை வெளியேற்றும் உலோகப் பகுதி) கணக்கைத் தொட வேண்டும்.

அடுத்தது, லேபில் சுத்தமான சப்ளையோடு இணைத்துப் பார்த்துவிட்டு, கன்ட்ரோல் நிலையாக இருக்கிறது என்று எழுதிவிடுவது. 1995ல் சூரிச்சில் நவீன கன்வெர்ட்டர் இன்ஜின்கள் பல தாமாகவே அணைந்தன. எந்தப் பாகமும் பழுதாகவில்லை. ஒரே லைனில் பல இன்ஜின்கள் சேர்ந்தபோது, அவற்றின் கன்ட்ரோல், மின் லைனின் ரெசொனன்ஸை (குறிப்பிட்ட அதிர்வெண்ணில் பெருகும் அலைவு) அடக்குவதற்குப் பதிலாக ஊட்டி வளர்த்துவிட்டது. தனித்தனியாகச் சோதித்தால் ஒவ்வொன்றும் தேர்ச்சி பெற்றிருக்கும்! கன்வெர்ட்டரின் இன்புட் அட்மிட்டன்ஸை (கொடுக்கும் வோல்டேஜுக்கு எவ்வளவு கரன்ட் பாய்கிறது என்ற அளவு) அதிர்வெண் வாரியாக அளந்து, எங்கே அதன் ரியல் பகுதி நெகட்டிவ் ஆகிறது, அதாவது அலைவை அடக்காமல் ஊட்டுகிறது என்று பார்க்காத ஆய்வை ரயிலுக்கானது என்று நான் ஏற்கமாட்டேன். சிக்னலுக்கும் இதே கவனம் தேவை. யுஎம்71 வகை டிராக் சர்க்யூட் (தண்டவாளத்தில் ரயில் நிற்கிறதா என்று கண்டறியும் அமைப்பு) 1700 முதல் 2600 ஹெர்ட்ஸ் வரையில் வேலை செய்கிறது. கன்வெர்ட்டரின் ஹார்மோனிக்ஸ் (தேவையற்ற உயர் அதிர்வெண் கரன்ட்) அங்கே போய் விழுந்தால் அது ரயில் பாதுகாப்புப் பிரச்சினை.

10 ஆம்பியர் மாதிரியில் ஓடியதை அப்படியே 1500 ஆம்பியருக்கு நீட்டுவதும் உண்டு. பஸ்பாரில் (கரன்ட் பாயும் தடித்த உலோகப் பட்டை) 100 நானோஹென்றி இன்டக்டன்ஸ் இருந்து, கரன்ட் மைக்ரோசெகண்டுக்கு 5000 ஆம்பியர் வேகத்தில் விழுந்தால், ஸ்விட்ச் அணையும் கணத்தில் டிசி லிங்கின் (கன்வெர்ட்டருக்குள் இருக்கும் டிசி இணைப்பு) வோல்டேஜுக்கு மேல் இன்னொரு 500 வோல்ட் ஏறும். சின்ன மாதிரியில் இது ஆசிலோஸ்கோப்பில் ஒரு சிறு முள். பெரிய மாட்யூலில் சிப்பையே உடைக்கும். முழு கரன்ட்டில் டபுள் பல்ஸ் டெஸ்ட் (ஸ்விட்சைச் சட்டென்று இரண்டு முறை மட்டும் போட்டு அணைத்துப் பார்ப்பது) செய்ய ஒரு கெபாசிட்டர் பேங்கும் ஒரு இன்டக்டரும் போதும், மெகாவாட் சப்ளை வேண்டாம். வசதி இல்லை என்று அதைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

வோல்டேஜ் மார்ஜினிலும் கை வைக்காதீர்கள். 1500 வோல்ட் டிசி லைனுக்கு 3300 வோல்ட் ஐஜிபிடி போடுவது வீண் செலவு போலத் தோன்றும். ஆனால் விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர் கிளப்பும் ஒரு நியூட்ரான், முழு வோல்டேஜையும் தாங்கி நிற்கும் சிப்பை எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் எரித்துவிடும். ரேட்டிங்கை நெருங்க நெருங்க அந்த வாய்ப்பு மளமளவென்று ஏறும், மலைப்பாதையில் இன்னும் அதிகம்.