பொதுத் தரவுத்தளத்தில் அனுமதிகளை ஒழுங்குபடுத்தும் முறை

பண்ருட்டியில் கொள்முதல், கடலூர் முதுநகரில் கிடங்கு, மஞ்சக்குப்பத்தில் கணக்குப் பிரிவு என்று இயங்கும் ஒரு முந்திரி வணிக நிறுவனத்தில், மூன்று இடத்துப் பணியாளர்களும் போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தள மென்பொருளில் அமைந்த ஒரே தரவுத்தளத்தைப் பயன்படுத்துவதாக வைத்துக்கொள்வோம். எல்லோரும் ஒரே பயனர் பெயரில் நுழையும் வழக்கம் அங்கே இருந்தால், முதலில் அதை நிறுத்த வேண்டும். கொள்முதல் விலையை யாரோ திருத்திவிட்டால், திருத்தியவர் யார் என்பதை எந்தப் பதிவைப் பார்த்தும் அறிய முடியாது.

கட்டளை எதையும் இடுவதற்கு முன், எந்தப் பணிக்கு எந்த அட்டவணையில் பார்த்தல், சேர்த்தல், திருத்தல், நீக்கல் ஆகியவற்றுள் எது தேவை என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஆட்களின் பெயரை அதில் எழுத வேண்டாம். ஆள் மாறுவார், பணி நிலைக்கும். கொள்முதல் எழுத்தருக்குப் புதிய வரிசையைச் சேர்க்கும் உரிமை போதும், நீக்கும் உரிமை பெரும்பாலும் யாருக்குமே தேவைப்படாது.

அந்தத் தாளில் உள்ள ஒவ்வொரு பணிக்கும் உள்நுழைவு இல்லாத ஒரு ரோலை (உரிமைகளின் தொகுப்பைத் தாங்கும் பெயரை) உருவாக்கி, உரிமை வழங்கும் கிராண்ட் கட்டளையால் உரிமைகளை அதற்கே வழங்குங்கள். பின்னர் ஒவ்வொரு பணியாளருக்கும் தனிப் பயனர் கணக்கு தொடங்கி, உரிய ரோலில் அவரை உறுப்பினராக்குங்கள். மைஎஸ்கியூஎல் என்னும் மற்றொரு தரவுத்தள மென்பொருளைப் பயன்படுத்துவோருக்கு 8.0 பதிப்பிலிருந்து இந்த வசதி உண்டு. ஆனால் அங்கே இயல்பான அமைப்பில் செட் டீஃபால்ட் ரோல் போன்ற கட்டளையையும் இட்டால்தான், வழங்கிய ரோல் உள்நுழைந்தவுடன் செயல்படும்.

போஸ்ட்கிரெஸில் இரண்டு இடங்களில் பலர் தடுமாறுகின்றனர். அட்டவணைக்கு அனுமதி கொடுத்தும் பயனரால் திறக்க முடியவில்லை என்றால், அந்த அட்டவணை இருக்கும் ஸ்கீமாவுக்கு (தரவுத்தளத்துக்குள் அட்டவணைகளைத் தொகுத்து வைக்கும் பிரிவுக்கு) யூசேஜ் எனப்படும் பயன்பாட்டு உரிமை வழங்கப்படாதிருக்கலாம். அடுத்தது, இன்றுள்ள எல்லா அட்டவணைகளுக்கும் வழங்கிய அனுமதி நாளை உருவாகும் அட்டவணைக்குத் தானாகச் சேராது. அதற்கு ஆல்டர் டீஃபால்ட் பிரிவிலேஜஸ் கட்டளை வேண்டும், அதுவும் அட்டவணையை உருவாக்கப்போகும் பயனரைக் குறித்து இடப்பட்டிருக்க வேண்டும். 15ஆம் பதிப்புக்கு முன் தொடங்கிய தரவுத்தளமாயின், பப்ளிக் என்னும் இயல்பான ஸ்கீமாவில் யார் வேண்டுமானாலும் அட்டவணை உருவாக்கும் உரிமை இன்னும் எஞ்சியிருக்கக்கூடும். ரிவோக் கட்டளையால் அதை விலக்குங்கள்.

சோதிக்காமல் விடாதீர்கள். நிர்வாகியாக நுழைந்து, செட் ரோல் கட்டளையால் ஒவ்வொரு ரோலுக்கும் மாறி, அனுமதித்த வேலை நடக்கிறதா என்பதோடு, அனுமதிக்காத வேலை மறுக்கப்படுகிறதா என்பதையும் பாருங்கள். இரண்டாவது சோதனையே முக்கியமானது; மிகுதியாகக் கொடுத்த உரிமையைப் பற்றி எந்தப் பணியாளரும் புகார் சொல்ல வரமாட்டார்.

ஒருவர் பணியை விட்டு விலகும்போது அன்றே அவர் கணக்கின் உள்நுழைவை நிறுத்துங்கள். ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பு அதனால் அறுபடாது என்பதால், அதைத் தனியாகத் துண்டிக்க வேண்டும். அவர் உருவாக்கிய அட்டவணைகள் இருந்தால், ரீஅசைன் ஓன்ட் கட்டளையால் உடைமையை வேறொரு ரோலுக்கு மாற்றி, டிராப் ஓன்ட் கட்டளையால் எஞ்சிய உரிமைகளை அகற்றிய பிறகே கணக்கை நீக்க முடியும். பல தரவுத்தளங்கள் இருப்பின், இவ்விரண்டையும் ஒவ்வொன்றிலும் தனித்தனியே செய்ய வேண்டும்.