பூச்சியத்தை நம்பி இழந்த பருவம்: எஸ்.இ.ஓ. கருவிகளை ஒப்பிடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற சனிக்கிழமை திருகோணமலை உவர்மலையில் என் அறைக்கு இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஒருவர் கிண்ணியா, மற்றவர் சாம்பல்தீவு. இணையத்தளங்களைக் கூகுள் போன்ற தேடுபொறிகளில் மேலே கொண்டுவரும் எஸ்.இ.ஓ. வேலை செய்து கொடுக்கத் தொடங்கி இருவருக்கும் ஆறு மாதம்கூட ஆகவில்லை. கையில் ஓர் அட்டவணை வைத்திருந்தார்கள். மக்கள் எந்தச் சொல்லை எவ்வளவு தேடுகிறார்கள் என்று மதிப்பிட்டுக் காட்டும் கருவிகளான அஹ்ரெஃப்ஸ், செம்ரஷ், மோஸ், உபர்சஜஸ்ட் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிரல். எத்தனை சொற்கள் சேமிப்பில் உள்ளன, எத்தனை அறிக்கை எடுக்கலாம், மாதம் எத்தனை டொலர் என்று கீழே நிரை நிரையாக எண்கள். "அண்ணா, இதில் எதை வாங்கலாம்?" என்று கேட்டார்கள்.

இதே அட்டவணையை நானும் ஒரு காலத்தில் போட்டிருக்கிறேன். அதை வைத்து நான் செய்த பிழைகளையே இவர்களும் செய்யப் போகிறார்கள் என்று தெரிந்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை. மதியச் சாப்பாடு ஆறிப்போகும்வரை பேசினேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். தலைப்பு எழுத மறப்பது, படங்களுக்கு விளக்கம் இடாதது, ஒரே சொல்லைப் பத்து இடத்தில் திணிப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை வேலையில் இறங்கிய முதல் மாதத்திலேயே தெரிந்துவிடும்.

கடை இருக்கும் நாட்டின் எண்ணைப் பார்ப்பது

இது நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு தவறு எனக்கு இன்றும் ஆறவில்லை.

உப்புவெளியில் ஆறு அறைகள் கொண்ட ஒரு விருந்தினர் விடுதி. அதை நடத்தியவர் ஓர் அக்கா. முன்பதிவுத் தளங்களுக்குத் தரகு கொடுத்தே கை ஓய்ந்துபோயிருந்தார். விருந்தினர் நேரடியாகத் தம்மிடம் வர வேண்டும் என்று, ஒரு மார்ச் மாதம் என்னிடம் வேலையை ஒப்படைத்தார். இங்கே சுற்றுலாப் பருவம் மே மாதம் தொடங்கிச் செப்டெம்பரில் முடியும். தென்மேற்குப் பருவக்காற்று கொழும்பிலும் காலியிலும் மழையைக் கொட்டும் நாட்களில் நம் கரை வெயிலோடு அமைதியாகக் கிடக்கும். அந்த ஐந்து மாத வருமானத்தை வைத்துத்தான் ஒரு விடுதி வாடைக்கால மழையைக் கடக்க வேண்டும்.

நான் ஒரு கருவிக்கு ஒரு மாதப் பணம் கட்டினேன். நாட்டைத் தெரிவு செய்யச் சொன்ன இடத்தில் இலங்கை என்று போட்டேன். விடுதி இலங்கையில் இருக்கிறது, வேறு எதைப் போடுவது என்று நினைத்தேன். திருகோணமலை ஹோட்டல் என்ற பொருளில் வந்த ஆங்கிலச் சொற்களுக்குப் பெரிய எண்கள் வந்தன. நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்குப் படகில் போவது எப்படி, அங்கே கடல் எந்த மாதம் தெளிவாக இருக்கும், உப்புவெளிக் கடற்கரையிலிருந்து திமிங்கிலம் பார்க்க எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும் என்பவற்றுக்கெல்லாம் பூச்சியம். பூச்சியம் வந்த சொற்களை அழித்தேன். பெரிய எண் வந்த மூன்று சொற்களுக்காகப் பக்கம் பக்கமாக எழுதினேன்.

அக்கா ஒரு நாள் சொன்னார்: "தம்பி, வருகிறவர்கள் எல்லாரும் படகு எத்தனை மணிக்கு, கடல் எப்படி இருக்கும் என்றுதான் வட்ஸ்அப்பில் கேட்கிறார்கள். அதை எழுதினால் என்ன?"

"அதை யாரும் தேடுவதில்லை அக்கா. கருவி பூச்சியம் காட்டுகிறது" என்றேன்.

பத்து ஆண்டுகளாக விருந்தினரோடு பேசிப் பழகிய ஒருவரிடம், ஒரு மாதச் சந்தா கட்டிய நான் அப்படிச் சொன்னேன்.

மே போனது, ஓகஸ்ட் போனது. அந்த மூன்று பெரிய சொற்களிலும் உலகின் பெரிய முன்பதிவுத் தளங்கள் முதல் பக்கத்தை அடைத்துக்கொண்டு நின்றன. ஆறு அறை விடுதியின் தளம் நான்காம் பக்கத்தைத் தாண்டவில்லை. ஒக்டோபரில், முதல் மழை இறங்கிய பிறகுதான், ஒரு தளம் கூகுள் தேடலில் எந்தச் சொற்களுக்குத் தோன்றுகிறது என்று அதன் உரிமையாளருக்குக் காட்டும் கூகுள் சர்ச் கன்சோலை ஒழுங்காகத் திறந்து பார்த்தேன். அக்காவின் வற்புறுத்தலுக்காகக் கேள்வி பதில் பக்கத்தில் படகு பற்றி நான்கு வரி எழுதியிருந்தேன். அந்த நான்கு வரிக்காக ஜேர்மனியிலிருந்தும் நெதர்லாந்திலிருந்தும் பிரித்தானியாவிலிருந்தும் அந்தத் தளம் தேடல் முடிவுகளில் தோன்றிக்கொண்டே இருந்திருக்கிறது. கருவி பூச்சியம் என்ற அதே கேள்விகளுக்குத்தான். தனிப் பக்கம் இல்லாததால் உள்ளே வந்தவர்கள் சிலரே. அந்தப் பருவம் முழுவதும் அக்கா எனக்குரிய கட்டணத்தை ஒரு மாதம்கூடப் பிந்தாமல் கொடுத்திருந்தார். அதை நினைத்தால் இன்றும் மனம் கூசுகிறது.

ஏன் பூச்சியம் வந்தது என்று பிறகு படித்து விளங்கிக்கொண்டேன். முதல் காரணம் நாடு. இக்கருவிகள் தேடல் எண்ணிக்கையை நாடு வாரியாகக் கொடுக்கின்றன. புறாத்தீவுக்குப் போக விரும்புகிறவர் பயணத்தைத் திட்டமிடும்போது ஹம்பர்க்கிலோ லண்டனிலோ உட்கார்ந்திருக்கிறார். அவருடைய தேடல் இலங்கைக் கணக்கில் விழாது. உங்கள் வாடிக்கையாளரின் வாடிக்கையாளர் எங்கே இருந்து தேடுகிறார் என்பதை வைத்து நாட்டைத் தெரிவு செய்யுங்கள். மூதூரில் மரத்தளபாடம் விற்பவருக்கு இலங்கை சரி, நிலாவெளியில் சுழியோடிப் பயிற்சி கொடுப்பவருக்குச் சரிவராது.

இரண்டாவது, மாத எண் என்பது பெரும்பாலும் கடந்த 12 மாதங்களின் சராசரி. ஒரு சொல்லை ஐந்து மாதங்களுக்கு மாதம் 600 பேர் தேடி, மற்ற ஏழு மாதங்களில் ஒருவரும் தேடாவிட்டால் மொத்தம் 3,000. கருவி அதைப் பன்னிரண்டால் பிரித்து 250 என்று காட்டும். பருவத்தை நம்பி வாழும் ஊருக்கு அந்த 250 எந்த மாதத்திலும் உண்மை இல்லை. சொல்லின் ஏற்ற இறக்கத்தைப் பார்க்கக் கூகுள் ட்ரெண்ட்ஸ் போதும், இலவசம். அது காட்டும் 0 முதல் 100 வரையான அளவு ஒப்பீடு மட்டுமே. அதை ஆட்களின் எண்ணிக்கை என்று அறிக்கையில் எழுதியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, அந்த எண்ணே ஒரு மதிப்பீடு. விளம்பரம் செய்வோர் சொற்களைத் தெரிவு செய்வதற்கான கூகுளின் கீவேர்ட் பிளானர், விளம்பரத்துக்குப் பணம் செலவிடாத கணக்குகளுக்குச் சரியான எண்ணைக் கொடுக்காமல் 10 முதல் 100 வரை, 100 முதல் 1,000 வரை என்று வீச்சாகத்தான் காட்டுகிறது. ஒத்த சொற்களை ஒன்றாகச் சேர்த்தும் விடுகிறது. மற்றக் கருவிகள் தாங்கள் திரட்டும் தரவைக் கொண்டு தத்தம் வழியில் கணக்கிடுகின்றன. தரவு குறைந்த சிறிய நாட்டிலும் அரிய சொல்லிலும் அந்தக் கணக்கு சறுக்கும். நாள்தோறும் வரும் தேடல்களில் ஏறத்தாழ 15 வீதம் இதற்கு முன்பு கண்டிராதவை என்று கூகுளே சொல்லியிருக்கிறது. ஒருவரும் முன்பு கேட்காத கேள்விக்கு எந்தக் கருவியிடம் எண் இருக்கும்?

ஆகவே கருவிகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவதை விட்டுவிட்டேன். இப்போது நான் செய்வது இது. சர்ச் கன்சோலில் ஒரே ஒரு நாட்டை வடிகட்டி, தளம் மாதம் முழுவதும் முதல் சில இடங்களில் நின்ற 20 தேடல்களை எடுக்கிறேன். அத்தனை மேலே நிற்கும் பக்கத்துக்கு, தோற்றங்களின் எண்ணிக்கை, அதாவது அது தேடல் முடிவுகளில் காட்டப்பட்ட தடவைகள், உண்மையான தேடல் எண்ணிக்கைக்கு அருகில் இருக்கும். அதே 20 சொற்களையும் கருவிகளின் சோதனைக் காலத்தில் போட்டுப் பார்க்கிறேன். எந்தக் கருவி அந்த நாட்டில், அந்தத் தொழிலில் குறைவாகத் தவறுகிறது என்பது ஒரு மாலையில் தெரிந்துவிடும்.

தமிழ்ச் சொல்லுக்குப் பூச்சியம் என்றால் தமிழர் தேடவில்லை என்று முடிவு கட்டுவது

இதுவும் அதே நோயின் இன்னொரு முகம். நம் கோயிலையே எடுங்கள். ஒருவர் திருக்கோணேஸ்வரம் என்று எழுதுகிறார், ஒருவர் திருக்கோணேச்சரம், ஒருவர் கோணேசர் கோயில். கனடாவில் பிறந்த பிள்ளை ஆங்கில எழுத்தில் நான்கு விதமாகத் தட்டுகிறது. ஊர்ப் பெயரும் அப்படியே: திருகோணமலை, திருக்கோணமலை, திருமலை. அதன்மேல் நம் மொழி வேற்றுமை உருபைச் சொல்லோடு ஒட்டிவிடும். திருகோணமலையில், திருகோணமலைக்கு, திருகோணமலையிலிருந்து என்று ஒவ்வொன்றும் கருவிக்குத் தனிச் சொல். ஒரே ஆவல் பத்துத் துண்டாக உடைந்து, ஒவ்வொரு துண்டும் பூச்சியமாகத் தெரிகிறது.

சர்ச் கன்சோலில் 'கோணே' என்ற பகுதியை மட்டும் கொடுத்து, அது வரும் தேடல்கள் எல்லாவற்றையும் வடிகட்டுங்கள். துண்டுகள் ஒன்றுகூடும். அங்கேயும் மிக அரிதான தேடல்களைக் கூகுள் தனியுரிமைக்காக மறைத்துவிடுகிறது என்பதால், தெரிவதைவிட உண்மை கூடுதலாகவே இருக்கும். தமிழில் எழுத வேண்டாம் என்று ஒரு கருவியின் பேச்சைக் கேட்டு வாடிக்கையாளருக்கு ஆலோசனை சொல்லாதீர்கள். நான் கெஞ்சியே கேட்கிறேன்.

மதிப்பெண்ணை விற்பது

கிண்ணியாத் தம்பி ஒரு வாடிக்கையாளருக்கு வாக்குக் கொடுத்திருந்தார்: மூன்று மாதத்தில் தளத்தின் டொமைன் ஒதோரிட்டியை 30 ஆக்கித் தருவதாக. எனக்குப் பகீரென்றது.

பிற தளங்களிலிருந்து வரும் இணைப்புகளை வைத்து ஒரு தளத்துக்குப் போடப்படும் அந்த மதிப்பெண் மோஸ் நிறுவனத்துடையது. அஹ்ரெஃப்ஸ் தன்னுடையதை டொமைன் ரேட்டிங் என்கிறது, செம்ரஷ் ஒதோரிட்டி ஸ்கோர் என்கிறது, மஜெஸ்டிக் ட்ரஸ்ட் ஃப்ளோ என்கிறது. ஒவ்வொருவரும் தாம் திரட்டிய இணைப்புகளைத் தம் சூத்திரப்படி எடை போடுகிறார்கள். ஒரே தளத்துக்கு ஒன்றில் 12, இன்னொன்றில் 25 வருவதில் வியப்பில்லை. கூகுள் இவற்றில் எதையும் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை. மோஸும் தன் மதிப்பெண் கூகுளின் காரணி இல்லை என்று வெளிப்படையாகவே சொல்கிறது. முன்பு கூகுள் தானே வெளியிட்ட பேஜ்ரேங்க் எண்ணைப் பொதுமக்கள் பார்வையிலிருந்து 2016 இல் எடுத்துவிட்டது.

இப்படி வாக்குக் கொடுத்தவர் அதைக் காப்பாற்ற எங்கே போவார்? இணைப்பு விற்பவர்களிடம்தான். தரவரிசைக்காக இணைப்பை விலைக்கு வாங்குவது கூகுளின் விதிகளுக்கு முரண். மதிப்பெண் ஏறும், வாடிக்கையாளரின் தொலைபேசி ஒலிக்காது. நேரடி விசாரணைகள் எத்தனை வந்தன என்பதை அளப்பதாக ஒப்பந்தத்தை மாற்றி எழுதச் சொல்லியிருக்கிறேன்.

'நச்சு இணைப்பு' என்ற சிவப்பு எழுத்தைக் கண்டு பயப்படுவது

சில கருவிகள் உங்கள் தளத்துக்கு வரும் இணைப்புகளில் பலவற்றை நச்சு என்று சிவப்பில் காட்டும். புதியவர்கள் உடனே அத்தனையையும், இவற்றைக் கணக்கில் எடுக்காதே என்று கூகுளிடம் சொல்லும் இணைப்பு மறுப்புக் கருவியில் ஏற்றிவிடுகிறார்கள். 2012 இல் வந்த அந்தக் கருவி, கூகுள் ஊழியர் பார்த்து விதிக்கும் கைமுறைத் தண்டனை வந்தவர்களுக்கும், விலைக்கு வாங்கிய இணைப்புகளால் அது வரக்கூடும் என்று அஞ்சுபவர்களுக்கும் உரியது. பெரும்பாலான தளங்களுக்குத் தேவையில்லை என்று கூகுளின் உதவிப் பக்கமே எச்சரிக்கிறது. நச்சு என்ற அளவுகோல் கருவி விற்பவருடையது. ஊர்ச் சங்கத்தின் பழைய, அழகற்ற பக்கத்திலிருந்து வந்த நல்ல இணைப்பையும் அந்தச் சிவப்பு விழுங்கிவிடும்.

ஆண்டுச் சந்தா

முதல் ஆண்டில் வேண்டாம். நல்ல திட்டங்கள் மாதத்துக்கு 100 டொலரைத் தாண்டுகின்றன. 2022 இல் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மூன்று மாதத்துக்குள் 350 ஐத் தாண்டியதை இங்கே யாரும் மறக்கவில்லை. போட்டியாளர்களை ஆராய வேண்டிய மாதத்துக்கு மட்டும் கட்டி, எடுக்க வேண்டியதை எடுத்துக்கொண்டு நிறுத்துங்கள்.

இலவசமானதைத் தொடாமல் பணம் கட்டுவது

ஸ்க்ரீமிங் ஃபிராக் என்ற மென்பொருள் 500 முகவரிகள் வரை இலவசமாகத் தளத்தை அலசிக் கொடுக்கும். இந்த ஊரில் ஒரு விடுதியின் தளம் நாற்பது பக்கத்தைத் தாண்டுவதே அரிது. சொந்தத் தளத்துக்கு வரும் இணைப்புகளைப் பார்க்க அஹ்ரெஃப்ஸின் வெப்மாஸ்டர் டூல்ஸ் இலவசம்.

யோஸ்டின் பச்சை விளக்கு

வேர்ட்பிரஸ் தளங்களில் சேர்க்கும் யோஸ்ட் நீட்சி, பக்கம் நன்றாக இருப்பதாகப் பச்சை விளக்குக் காட்டும். அது கூகுளின் விளக்கு இல்லை.

போட்டியாளரின் வருகை எண்

போட்டியாளரின் தளத்துக்கு இத்தனை பேர் வருகிறார்கள் என்று கருவி காட்டுவது ஊகம். உங்கள் சொந்தத் தளத்துக்கு அதே கருவி என்ன எண் சொல்கிறது என்று ஒருமுறை பாருங்கள்.

சர்ச் கன்சோலைத் தன் பெயரில் வைத்துக்கொள்வது

ஃப்ரீலான்ஸர்கள் அவசரத்தில் வாடிக்கையாளரின் தளத்தைத் தம் சொந்தக் கணக்கில் சரிபார்த்துவிடுகிறார்கள். ஆள் மாறும்போது அணுகலும் போய்விடுகிறது. சர்ச் கன்சோலின் செயற்றிறன் அறிக்கை 16 மாதங்களையே வைத்திருக்கும். தளத்தை அதில் சேர்த்த பிறகுதான் தரவு சேரும் என்பதால், சேர்க்கப் பிந்தினால் இழந்த மாதங்களை எந்த விலைக்கும் வாங்க முடியாது. ஐந்து மாதப் பருவம் உள்ள ஊரில், சென்ற மே மாதத்தோடு இந்த மே மாதத்தை ஒப்பிட அந்தப் பழைய தரவு கட்டாயம் வேண்டும்.

உரிமையாளரின் மின்னஞ்சலில் சரிபார்த்து, உங்களைப் பயனராகச் சேர்க்கச் சொல்லுங்கள். மாதமுடிவில் தரவை இறக்கி ஒரு கோப்பில் வையுங்கள். திரையில் 1,000 வரிசைகள்தான் தெரியும் என்பதால் நாடு வாரியாகப் பிரித்து இறக்குவது நல்லது. சனிக்கிழமை வந்த இருவரும் அட்டவணையை என் மேசையிலேயே விட்டுவிட்டு, அந்த வேலையைத் தொடங்கத்தான் போனார்கள். சாம்பல்தீவுத் தம்பியின் வாடிக்கையாளர் நிலாவெளியில் படகு ஓட்டுபவர். தளம் தொடங்கி மூன்று ஆண்டுகள் ஆகியும் சர்ச் கன்சோலில் இன்னும் சேர்க்கப்படவில்லை என்று அன்றிரவே செய்தி அனுப்பியிருந்தார்.