முதலில் திரும்பும் பஸ், பிறகு சாப்பாடு

புது நாட்டுக்கு வந்த முதல் சில வாரங்களில் நம்மில் பலர் வேலை முடிந்ததும் நேரே அறைக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, கையில் கிடைத்ததைச் சாப்பிட்டுப் படுத்துவிடுகிறோம். கார் இல்லை, கூட வர ஆள் இல்லை, ஊரும் தெரியாது. மூன்றும் உண்மைதான். ஆனாலும் இரண்டாவது வாரம் முடிவதற்குள் ஒரு முறையாவது வெளியே போய், ஒரு மேசையில் உட்கார்ந்து, சூடாகப் பரிமாறியதைச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்று வற்புறுத்தியே சொல்வேன். நான் இரண்டு மாதம் அறைக்குள்ளேயே சாப்பிட்டவன். அத்தனை நாளிலும் வேலைக்குப் போகும் பாதையைத் தவிர அந்த ஊரில் எனக்கு ஒரு தெருகூடத் தெரிந்திருக்கவில்லை.

நல்ல உணவகம் எது என்று தேடுவதற்கு முன், அங்கிருந்து திரும்பி வரும் பஸ் எப்போது என்று பாருங்கள். கார் வைத்திருப்பவர் சாப்பாட்டை முடிவுசெய்துவிட்டு வழியைப் பார்க்கலாம். நமக்கு வழிதான் முதலில். கடைசி பஸ்ஸை நம்பாதீர்கள். அதற்கு முந்தைய பஸ்ஸை உங்கள் பஸ்ஸாக வைத்துக்கொள்ளுங்கள். அது தவறினால் கடைசி பஸ் கைகொடுக்கும். ஞாயிற்றுக்கிழமைக்கும் விடுமுறை நாளுக்கும் பெரும்பாலும் தனிக் கால அட்டவணை உண்டு. நான் வாரநாள் அட்டவணையைப் பார்த்துவிட்டு ஒரு ஞாயிறு இரவு நிறுத்தத்தில் நாற்பது நிமிடம் நின்றேன். பஸ் வரவில்லை. கடைசி பஸ் போய் வெகுநேரம் ஆகியிருந்தது. கம்பத்தில் ஒட்டியிருந்த அட்டவணையில் ஞாயிறுக்கான கட்டம் கீழே, சிறிய எழுத்தில் இருந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் நடந்துதான் அறைக்கு வந்தேன்.

சாதாரணமாக நடப்பவருக்கு ஒரு கிலோமீட்டருக்குப் பன்னிரண்டு நிமிடம் பிடிக்கும். அதனால் முதல் இரண்டு மூன்று முறை, அறையிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் இருக்கும் இடமாகவே தேர்ந்தெடுங்கள். பஸ் வராமல் போனாலும் அரை மணி நேரத்துக்குள் நடந்து வந்துவிடலாம். பகலில் ஒருமுறை அந்தப் பாதையில் நடந்து பார்ப்பது இன்னும் நல்லது. விளக்கு இல்லாத திருப்பம் எது, நடைபாதை எங்கே முடிந்துபோகிறது என்பதெல்லாம் கண்ணில் படும். திரும்பும் நிறுத்தம் எங்கே என்பதையும் சாப்பிடப் போகும்போதே பார்த்துவிடுங்கள். இறங்கிய இடத்துக்கு எதிர்ப்பக்கம்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஒருவழிச் சாலையாக இருந்தால் அடுத்த தெருவில் இருக்கும்.

கைபேசி வரைபடத்தில் தெரியும் பஸ் நேரங்கள் போக்குவரத்து நிறுவனங்கள் வெளியிடும் அட்டவணையிலிருந்து எடுக்கப்படுபவை. 2005இல் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் கூகுள் தொடங்கிய முறை இது. பஸ் இப்போது எங்கே வருகிறது என்ற தகவல் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. சில ஊர்களில் நீங்கள் பார்ப்பது அச்சிட்ட அட்டவணையின் நகல் மட்டுமே. இன்னொன்றும் முக்கியம். கூகுள் வரைபடத்தைத் தரவிறக்கி வைத்திருந்தாலும், இணையம் இல்லாதபோது அதில் பஸ் வழி வராது. ஆகவே அறையில் வைஃபை இருக்கும்போதே திரும்பும் வழியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் முகவரியை ஒரு தாளில் எழுதிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். சார்ஜ் தீர்ந்த கைபேசியில் எந்த வழியும் இருக்காது.

உணவகம் இரவு பத்து மணிக்கு மூடும் என்றால் அடுப்பு பத்து மணி வரை எரியும் என்று பொருளில்லை. சமையலறையை முன்கூட்டியே நிறுத்திவிடுவார்கள். தொலைபேசியில் கேட்பதானால் "எத்தனை மணிக்கு மூடுவீர்கள்?" என்பதை விட "கடைசியாக எத்தனை மணிக்கு ஆர்டர் எடுப்பீர்கள்?" என்று கேளுங்கள். கூட்டம் சேர்வதற்கு முந்தைய நேரம் தனியாளுக்கு மிக நல்லது. இடம் கிடைக்கும், பரிமாறுபவருக்கும் நின்று பதில் சொல்ல அவகாசம் இருக்கும், பஸ்ஸும் நிறைய இருக்கும். பசி முற்றிய பிறகு கிளம்பினால் பத்தும் பறந்துவிடும். முதலில் கண்ணில் படும் கதவுக்குள் நுழைந்துவிடுவோம்.

அந்தக் கதவுதான் பலருக்குத் தடை. வீட்டில் நாலு பேரோடு சேர்ந்து சாப்பிட்டுப் பழகியவருக்கு, "எத்தனை பேர்?" என்ற கேள்வி உள்ளே எங்கோ குத்தும். முதல் முறை நான் ஒரு விரலைக் காட்டினேன். ஓர் அம்மா என்னை இருவர் மேசைக்கு அழைத்துப்போய், எதிரே இருந்த தட்டையும் கரண்டியையும் தம்ளரையும் ஒவ்வொன்றாக எடுத்தார். அதைப் பார்த்துக்கொண்டிருந்த அரை நிமிடம் தொண்டை அடைத்தது. அவர் போன பிறகு மேசை முழுவதும் என்னுடையதாக இருந்தது. பையை எதிர் நாற்காலியில் வைக்காமல் மடியில் வைத்துக்கொண்டேன், மெனுவை அவசரமில்லாமல் கடைசிப் பக்கம் வரை படித்தேன். அதே இடத்துக்கே அடுத்த வாரமும் போனேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். வாரம் ஓர் உணவகமாக மாற்றுவதை விட, ஒரே இடத்துக்கு மூன்று முறை போவதுதான் புதிதாக வந்தவருக்கு அதிகம் தருகிறது. மூன்றாவது முறை அந்த அம்மா எண்ணிக்கையே கேட்கவில்லை.

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாரிஸில் 'ரெஸ்டாரண்ட்' என்ற பெயரில் கடைகள் தோன்றியபோது, அவற்றின் புதுமையே இதுதான். விடுதிகளின் பொது மேசையில், குறித்த நேரத்தில், எல்லோருக்கும் வைப்பதைச் சாப்பிட வேண்டியதில்லை. வேண்டிய நேரத்தில் வந்து, தனி மேசையில் உட்கார்ந்து, வேண்டியதைக் கேட்கலாம். தனியாக வருபவர் அங்கே அந்நியர் அல்லர். கவுண்டரை ஒட்டிய நாற்காலியோ ஜன்னலோர இருக்கையோ இருந்தால் கேட்டு வாங்குங்கள். கழிப்பறைக் கதவுக்கருகே உட்கார வைத்தால் வேறு இடம் கேட்பதில் தவறே இல்லை.

தனியாளுக்கு மட்டும் வரும் சிக்கல் ஒன்று உண்டு. பாதிச் சாப்பாட்டில் கை கழுவ எழுந்து போனால், கிளம்பிவிட்டார் என்று நினைத்துத் தட்டை எடுத்துவிடலாம். பரிமாறுபவரிடம் ஒரு சொல் சொல்லிவிட்டு, பையையும் கைபேசியையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.

சைவம் மட்டும் சாப்பிடுபவர்களும் ஒவ்வாமை உள்ளவர்களும் அந்த ஊர் மொழியில் நாலு வரி எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். "சைவம்" என்று சொன்னால் போதாது. மீனை இறைச்சிக் கணக்கில் சேர்க்காதவர்கள் உண்டு. காயும் கீரையும் மட்டுமே தெரியும் சூப்புக்குக்கூட எலும்பு வேகவைத்த நீர் அடிப்படையாக இருக்கலாம். எதை எதைச் சாப்பிடமாட்டீர்கள் என்று பெயர் பெயராக எழுதுங்கள். அந்த மொழி தெரிந்த ஒருவரிடம் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பஸ்ஸுக்கு அரை மணி இருக்கும்போதே பில் கேட்டுவிடுங்கள். நீங்கள் கேட்காமல் பில் கொண்டுவருவது மரியாதையில்லை என்று கருதும் இடங்கள் பல. கார்டு இயங்காமல் போனால் கொடுக்கக் கொஞ்சம் பணமும் இருக்கட்டும்.

மிஞ்சியதைப் பார்சலாகக் கேட்கலாம் என்றால் கூச்சப்படாமல் கேளுங்கள். சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். மேசையில் இருந்த நேரமும், நிறுத்தத்தில் நின்ற நேரமும், பஸ் பயணமும் அதில் சேரும். அறைக்கு வந்ததும் செருப்பைக் கழற்றும் முன் அதை ஃபிரிஜ்ஜில் வைத்துவிடுங்கள்.