நெட்லோகோவில் மறைந்திருந்த ஏஜென்ட்டுகள்

ஏஜென்ட்டுகள் எனப்படும் தனித்தனி உருவங்களை இயக்கிப் பார்க்கும் நெட்லோகோ மென்பொருளில் தொற்று பரவும் மாடல் ஒன்றை ஓட்டினேன். எண்ணிக்கையில் நோயாளிகள் கூடினார்கள், திரையில் சிவப்பு உருவங்கள் குறைவாகவே தெரிந்தன. பேட்ச் (தரையின் ஒரு கட்டம்) ஒன்றுக்கு மூவ்-டு என்ற நகர்த்தும் கட்டளை கொடுத்தால் டர்ட்டில்கள் (நகரும் ஏஜென்ட்டுகள்) எல்லாம் அதன் நட்டநடுவில் போய் நிற்கும். அடுக்கில் மேலே இருப்பது மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும்.

சரி, நகர்ந்த உடனே எக்ஸ், ஒய் இரண்டோடும் தனித்தனியாக ராண்டம்-ஃப்ளோட் 0.8 (0 முதல் 0.8-க்குள் ஏதோ ஒரு எண்) எடுத்து, 0.4 கழித்துக் கூட்டினேன். பேட்ச்சின் விளிம்பு நடுவிலிருந்து 0.5 தூரம். அதனால் யாரும் பக்கத்துக் கட்டத்துக்குத் தாவுவதில்லை, ஒரே கட்டத்தில் இருப்பவர்களைத் தரும் டர்ட்டில்ஸ்-ஹியர் எண்ணிக்கையும் அப்படியே இருக்கும். இன்-ரேடியஸ் (குறித்த தூரத்துக்குள் இருப்பவர்களைத் தேடுவது) பயன்படுத்துபவர்கள் மட்டும் கவனமாக இருங்கள், அந்தத் தூரக்கணக்கு மாறிவிடும்.

அப்புறம், ப்ரீட்களில் (டர்ட்டில்களின் வகைகளில்) கடைசியாக அறிவிப்பதுதான் மேலே வரையப்படும். நோயாளிகளுக்குத் தனி ப்ரீட் கொடுத்து அதைக் கடைசியில் வைத்தேன்.