வளர்த்த அப்பாவின் பெயரை இனிஷியலாக மாற்றுவது எப்படி?

அம்மா மறுமணம் செய்தவர்தான் பள்ளிக்கூடத்தில் சேர்த்து, கல்யாணச் சீர் வரை எல்லாம் செய்திருப்பார். மார்க் ஷீட்டில் மட்டும் பழைய இனிஷியல் நிற்கும். கொங்குப் பகுதியில் கூட்டப் பெயரை (குலப் பெயரை)ச் சான்றிதழில் எழுதும் வழக்கமில்லை. இனிஷியல்தான் நமக்குக் குடும்பப் பெயர் மாதிரி. 18 வயது முடிந்தவர் அதைச் சட்டப்படி மாற்றிக்கொள்ளலாம்ங்க.

முதலில் தத்து பற்றி. வளர்த்தவரே தத்தெடுத்துக்கொண்டால் போதாதா என்றுதான் பலரும் கேட்கிறார்கள். 1956ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்புச் சட்டப்படி, வழக்காறு இருந்தால் ஒழிய, 15 வயது நிறைந்தவரைத் தத்தெடுக்க முடியாது. தத்துக்கு வழி செய்யும் சிறார் நீதிச் சட்டமும் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத்தான். ஆகவே, பெரியவர்களுக்குப் பெயர் மாற்றம்தான் வழி.

படி 1: தமிழ்நாடு அரசின் எழுதுபொருள் அச்சுத் துறையின் பெயர் மாற்றப் படிவத்தை இணையத்தில் எடுங்கள். பழைய பெயர், புதிய பெயர், பிறந்த தேதி, சொந்த மாவட்டம், முகவரி, காரணம் எல்லாவற்றையும் எழுதுங்கள். ஒவ்வொரு எழுத்தையும் ஆதாரோடு வைத்துப் பாருங்கள். ‘செந்தில்’ என்பதற்கு ஆங்கிலத்தில் ஒரு எச் கூடினாலும் பின்னால் அலைச்சல்தான்.

படி 2: பிறப்பு அல்லது பள்ளிச் சான்றிதழ், முகவரிச் சான்று, புகைப்படம் சேர்த்து, சான்றொப்பம் (அட்டெஸ்டேஷன்) வாங்கி, கட்டணத்தோடு சென்னைக்கு அனுப்புங்கள்.

படி 3: ‘இனிமேல் இன்ன பெயரால் அறியப்படுவேன்’ என்று அரசிதழில் (கெஜட்டில்) வரும். அந்தப் பிரதியைப் பத்திரமாக வையுங்கள். அதைக் காட்டித்தான் ஆதார், அப்புறம் பான், வங்கி, பாஸ்போர்ட். ஆதாரில் பெயரை வாழ்நாளில் 2 முறைதான் மாற்றலாம். ஏற்கெனவே எத்தனை முறை மாற்றினீர்கள் என்று பாருங்கள்.

இனி, நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. இனிஷியல் மாறினால் உறவின் சட்ட நிலை மாறாது. பிறப்புச் சான்றிதழில் தந்தை பெயர் அப்படியேதான் இருக்கும். பெற்ற தந்தையின் சொத்தில் உங்களுக்கு உள்ள வாரிசுரிமையும் போகாது. ஆனால் வளர்த்தவர் உயில் எழுதாமல் காலமானால், இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் முதல் வகுப்பு வாரிசுகளில் மனைவியின் முந்தைய மணத்துப் பிள்ளைக்கு இடமில்லை. தோட்டத்தில் கூடவே பாடுபட்ட பிள்ளை, பங்காளிகள் முன்னால் வெறுங்கையோடு நிற்க வேண்டி வரும்.

அதனால், அவர் நல்ல நினைவோடு இருக்கும்போதே சுயசம்பாத்தியச் சொத்துக்கு உயில் எழுதச் சொல்லுங்கள். முத்திரைத்தாள் வேண்டாம், அவர் கையெழுத்தும், 2 சாட்சிகளின் கையெழுத்தும் போதும். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள். சாட்சியாக அவரைவிட வயதில் இளைய, சொத்தில் பங்கில்லாத ஆட்களைப் பிடியுங்கள். நாளைக்கு நீதிமன்றத்தில் வந்து சொல்ல ஆள் வேண்டுமே.

காணிக் கோவில் (குலக் கோவில்) வரி, கூட்டம் இவற்றை அரசிதழ் தொடாது. அதைப் பெரியவர்களோடு உட்கார்ந்து தனியாகப் பேசிக்கொள்ளுங்கள்.