கரிசலில் பவர் ஹாரோ: என் அனுபவம்

மானூர்ப் பக்கம் எங்கள் கரிசலில் பவர் ஹாரோ (டிராக்டரின் பின்னால் மாட்டி, சுழலும் பற்களால் கட்டியை உடைக்கும் கருவி) ஓட்டியபோது மண் கட்டி கட்டியாகவே நின்றது. மண்ணை நிரவும் சமன் பலகைக்கு முன்னால் குவிந்து டிராக்டரையும் திணறடித்தது.

முதலில் எஞ்சின் விசையைக் கருவிக்குக் கடத்தும் பி.டி.ஓ. தண்டையும் எஞ்சினையும் நிறுத்தினேன். பற்கள் முழுமையாக நிற்கும் முன் யாரும் அருகே போகவே கூடாது! அடுத்து, ஹாரோவின் பின்பக்க உருளையைப் பிடித்திருக்கும் இருபுறப் பின்களையும் (pin) ஒரே மட்டத் துளைக்கு மாற்றி ஆழத்தைக் குறைத்தேன். டிராக்டரோடு ஹாரோவை மேல்பக்கம் இணைக்கும் டாப் லிங்கைத் திருகி ஹாரோவை மட்டப்படுத்தினேன். பலகையைச் சற்று உயர்த்தியதும் குவியல் நின்றது.

கட்டி உடைந்தது கியரைக் குறைத்த பிறகுதான். பி.டி.ஓ. நிமிடத்துக்கு 540 சுற்றிலேயே இருக்க, டிராக்டர் மெல்ல நகர்ந்தால் அதே இடத்தில் பற்களின் அடி கூடுதலாக விழுகிறது. பற்கள் செங்குத்து அச்சில் சுழல்வதால் அடிமண் புரளாது, ஈரம் உள்ளேயே தங்கும். மானாவாரி உளுந்துக்கு அந்த ஈரம்தான் உயிர். பிடித்தால் கையில் ஒட்டும் பதத்தில் மண் இருக்கும்போது மட்டும் ஹாரோவைக் கரிசலில் இறக்காதீர்கள். உருளையில் மண் அப்பிக்கொள்ளும்.